எல்லைச் சுவர் எழுப்பும் முன் அண்டை வீட்டாரின் சம்மதம்: தோட்டப்புற நகரத்து வீட்டுக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில் இரண்டு வீடுகளுக்கு நடுவே எல்லை எங்கே இருக்கிறது என்று கேட்டால், பழைய ஆட்கள் செம்பருத்தி வேலியைக் காட்டுவார்கள். சிலர் லொங்காங் என்னும் வடிகாலைக் காட்டுவார்கள். இன்னும் சிலர், “அந்தப் பலாமரத்துக்கு இந்தப் பக்கம் நம்முடையது” என்பார்கள். லயத்து வீடுகளில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், குடியிருந்த காலத்தில் நிலம் முழுவதும் தோட்டக் கம்பெனிக்கே சொந்தமாக இருந்ததால், அந்தக் கேள்விக்கு அவசியமே இருக்கவில்லை. தாமான் என்னும் வீடமைப்புப் பகுதியில் வீடு வாங்கிய பிறகும், துண்டாடப்பட்ட தோட்டத்தில் கால் ஏக்கர், அரை ஏக்கர் என்று வாங்கிய பிறகும், செடியையும் மரத்தையும் எல்லையாகக் கொள்ளும் பழக்கம் நம்மோடு கூடவே வந்துவிட்டது. செங்கல் சுவர் எழுப்பும் நாளில்தான் அது சண்டையாகிறது.

“சுவர் கட்டிக்கொள்ளட்டுமா?” என்று கேட்டு, “கட்டிக்கொள்” என்ற பதிலோடு திரும்பிவிடுவதைத்தான் நம்மில் பெரும்பாலோர் சம்மதம் என்று நினைக்கிறோம். அந்தப் பதிலில் எந்தக் கோட்டில், எவ்வளவு உயரத்தில், மழைநீர் எந்தப் பக்கம் இறங்கும்படி, யார், யாருடைய முற்றத்தில் எத்தனை நாள் கால் வைக்கும்படி என்ற நான்கும் இல்லை. பின்னால் வரும் தகராறுகள் அனைத்தும் இந்த நான்கில் ஒன்றைப் பற்றியவையாகவே இருக்கும். ஆகவே கீழே சொல்லப்படும் ஒவ்வொரு படியும் இந்த நான்கையும் முன்கூட்டியே பேசி, எழுதி முடிப்பதற்கானது. இங்குக் குறிப்பிடப்படும் சட்டங்கள் தீபகற்ப மலேசியாவுக்கு உரியவை. சபாவுக்கும் சரவாக்கிற்கும் தனி நிலச் சட்டங்கள் உள்ளன.

முதற்படி: சுவர் எங்கே நிற்கப் போகிறது என்பதை முடிவு செய்தல்

அண்டை வீட்டு வாசலுக்குப் போகும் முன்னரே இதை நீங்கள் தீர்மானித்திருக்க வேண்டும். எல்லைக்கோட்டின் மேலேயே நடுவாக நிற்கும் சுவர், பாதி உங்கள் நிலத்திலும் பாதி அவர் நிலத்திலும் அமர்கிறது. அவர் சம்மதம் இல்லாமல் அதைக் கட்டினால் அது அத்துமீறல். முழுவதும் உங்கள் நிலத்துக்குள் நிற்கும் சுவருக்கு, உரிமை என்ற அளவில் அவர் அனுமதி தேவையில்லை. ஆனாலும் கவுன்சில் எனப்படும் உள்ளூராட்சி மன்றம் அவருடைய கடிதத்தைக் கேட்கக்கூடும், வெளிப்புறப் பூச்சு வேலைக்கு அவர் முற்றத்தில் இறங்க வேண்டியிருக்கும், இடையில் இருக்கும் பழைய கம்பி வேலியைப் பிடுங்க வேண்டியிருக்கும். மூன்றாவது வகை, தாமான் வீடுகளில் வீடமைப்பு நிறுவனம் கட்டிக்கொடுத்த தாழ்ந்த பொதுச் சுவரின் மேல் இன்னும் சில வரிசைக் கல் வைத்து உயர்த்துவது. அந்தச் சுவர் இருவருக்கும் பொதுவாக நிற்பதால் அதன் மேல் ஒரு கல் வைப்பதற்கும் சம்மதம் தேவை. மேலும், தாழ்ந்த உயரத்துக்காகப் போடப்பட்ட அடித்தளம் கூடுதல் எடையைத் தாங்குமா என்பதைத் தனியே பார்க்க வேண்டும்.

உள்ளே தள்ளிக் கட்டுகிறோம் என்று சொல்பவர்களும் ஓர் இடத்தில் தவறுகிறார்கள். தரைக்கு மேலே தெரியும் சுவர் ஆறு அங்குலம்தான். தரைக்குக் கீழே, ஃபூட்டிங் என்று கொத்தனார்கள் சொல்லும் அடித்தளம் அதைவிடப் பல மடங்கு அகலம். ஆறு அங்குலச் சுவருக்கு இரண்டடி அகல ஃபூட்டிங் நடுவாகப் போட்டால், சுவரின் இரு புறமும் ஒன்பது அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கும். சுவரின் வெளிமுகத்தை எல்லைக்கோட்டோடு ஒட்டிக் கட்டினால், அந்த ஒன்பது அங்குலக் கான்கிரீட்டும் அண்டை வீட்டு மண்ணுக்கடியில்தான் இருக்கிறது. தேசிய நிலச் சட்டத்தின் 44-ஆவது பிரிவு, நில உரிமையாளருக்குத் தரைக்குக் கீழேயும் நியாயமாகத் தேவைப்படும் அளவுக்கு உரிமை உண்டு என்கிறது. கண்ணுக்குத் தெரியவில்லை என்பதால் அது அத்துமீறல் இல்லை என்றாகிவிடாது. பிற்காலத்தில் அவர் அங்கே சாக்கடைக் குழாய் பதிக்கத் தோண்டும்போது உங்கள் கான்கிரீட்டில் சங்குல் என்னும் மண்வெட்டி மோதும்.

என் கருத்தைக் கேட்டால், செலவை இருவரும் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொள்ளும் பொதுச் சுவராக இருந்தாலொழிய, ஃபூட்டிங்கையும் சேர்த்து முழுவதும் உங்கள் நிலத்துக்குள் கட்டுவதே நல்லது. சில அங்குல மண் போகிறதே என்று மனம் அடித்துக்கொள்ளும். ஆனால் அண்டை வீட்டார் இன்று தரும் கடிதம் அவரைத்தான் கட்டுப்படுத்தும். நாளை அந்த வீட்டை வாங்குபவரைக் கட்டுப்படுத்தாது. புதிதாக வந்தவர் சர்வே செய்து பார்த்து, “உங்கள் சுவரில் பாதி என் நிலத்தில் இருக்கிறது” என்று சொன்னால், பழைய கடிதத்தை வைத்துக்கொண்டு அவரிடம் வாதாடுவது கடினம்.

இரண்டாம் படி: கோட்டைக் கண்டுபிடித்தல்

மற்ற எல்லாப் படிகளையும்விட இதில்தான் அதிகப் பொறுமை வேண்டும். முதலில் கிராண்ட் என்று நாம் சொல்லும் நிலப்பட்டாவை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஹெச்.எஸ்.(டி) அல்லது ஹெச்.எஸ்.(எம்) என்று தொடங்கும் எண் இருந்தால், அது இறுதி அளவை முடிவதற்கு முன் கொடுக்கப்பட்ட பட்டா. அதில் உள்ள பரப்பும் எல்லையும் தற்காலிகமானவை. அப்படிப்பட்ட பட்டாவை மட்டும் நம்பி நிரந்தரச் சுவர் கட்டுவது அறிவுடைமை ஆகாது. இறுதிப் பட்டாவாக இருந்தால், அதற்குரிய அளவை வரைபடமாகிய பெலான் அக்குய் என்பதன் எண் கிடைக்கும். ஜூபெம் என்று அழைக்கப்படும் மலேசிய நில அளவை, வரைபடத் துறையிடம் அதன் நகலைப் பணம் கட்டி வாங்கலாம். எல்லைக்கற்கள் எங்கெங்கே இருக்கின்றன, ஒரு கல்லிலிருந்து அடுத்த கல் எந்தத் திசையில் எத்தனை மீட்டர் தொலைவு என்பதெல்லாம் அந்த வரைபடத்தில் இருக்கும்.

பழைய தோட்டத்திலிருந்து பிரிந்த நிலமாக இருந்தால், பத்திரத்தில் மீட்டருக்குப் பதிலாக லிங்க் என்றும், பரப்பில் ஏக்கர், ரூட், போல் என்றும் போட்டிருப்பார்கள். ஒரு செயின் 66 அடி. அதில் 100 லிங்க். ஆகவே வரைபடத்தில் 150 லிங்க் என்று இருந்தால் அது 99 அடி. ஓர் ஏக்கருக்கு 4 ரூட், ஒரு ரூட்டுக்கு 40 போல். ஒரு போல் ஏறக்குறைய 25.3 சதுர மீட்டர். ‘1 ரூட் 8 போல்’ என்று எழுதியிருந்தால் மொத்தம் 48 போல், அதாவது சுமார் 1,214 சதுர மீட்டர். இந்தக் கணக்கைத் தெரிந்து வைத்திருந்தால், “நூற்றைம்பது அடி என்று அப்பா சொன்னார்” என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்பது புரியும். லிங்க்கை அடி என்று படித்துவிட்ட குடும்பங்கள் நம் பக்கத்தில் குறைவில்லை.

அடுத்து, தரையில் கல்லைத் தேடுங்கள். எல்லை அடையாளம் கான்கிரீட் கல்லாகவோ இரும்புக் குழாயாகவோ இருக்கும். பல ஆண்டு மழையில் மண் மூடிக் கீழே போயிருக்கும். எங்கள் வீட்டில் என் தந்தையார் நட்ட செம்பருத்தி வேலியே எல்லை என்றுதான் நானும் நம்பியிருந்தேன். வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு சங்குலால் மெதுவாகச் சுரண்டியபோது, வேலிக்கு அடியில் எதுவும் தட்டவில்லை. வேலியிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, எங்கள் தோசைக்கல்லும் அம்மியும் கிடந்த கொட்டகை ஓரத்தில், துருவேறி வாய் பிளந்த ஓர் இரும்புக் குழாயின் தலை தென்பட்டது. அதாவது, இருபது ஆண்டுகளாக நாங்கள் வெட்டிச் சீர்செய்து வந்த செம்பருத்தி, அண்டை வீட்டு அக்காவின் நிலத்தில் நின்றுகொண்டிருந்தது. அன்றைக்கு நான் செடியை நம்பிச் சுவர் கட்டியிருந்தால், அது அக்காவின் மண்ணில் எழுந்திருக்கும்.

“இருபது வருஷமாக நாங்கள்தானே அனுபவித்தோம்” என்ற வாதம் இந்நாட்டில் செல்லாது. பட்டா கொடுக்கப்பட்ட நிலத்தை வேறொருவர் எத்தனை ஆண்டு அனுபவித்தாலும் உரிமையாளரின் உரிமை அதனால் அழிவதில்லை என்பதை அதே நிலச் சட்டத்தின் 341-ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. இது இரு பக்கமும் வெட்டும் கத்தி: உங்கள் நிலத்தில் அவருடைய கோழிக்கூடு முப்பது ஆண்டாக நின்றாலும் அந்த மண் உங்களுடையதுதான்.

நீங்கள் கண்டெடுத்த கல், சரியான இடத்தில்தான் இருக்கிறதா என்பதை உறுதிசெய்யும் உரிமை உங்களுக்கோ காண்டிராக்டருக்கோ கிடையாது. யாராவது அதை முன்னரே நகர்த்தியிருக்கலாம். லொங்காங் வெட்டியபோது இயந்திரம் இடித்துச் சாய்த்திருக்கலாம். 1958-ஆம் ஆண்டு நில அளவையாளர் சட்டத்தின்கீழ் உரிமம் பெற்ற சர்வேயர்தான் எல்லையை மறுபடி நிறுவிக் காட்ட முடியும். அவர் பெயர் நில அளவையாளர் வாரியத்தின் பதிவில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் இருக்கும் வரைபடச் செயலி சில மீட்டர் வரை தவறக்கூடியது. அங்குலக் கணக்கில் நடக்கும் இந்த விஷயத்துக்கு அது உதவாது. கல்லை நீங்களே பிடுங்கி ‘சரியான’ இடத்தில் நடுவது குற்றம், தொடவே தொடாதீர்கள்.

சர்வேயர் வரும் நாளில் அண்டை வீட்டாரையும் அழைத்துவிடுங்கள். கல் கண்டெடுக்கப்படும் இடத்தில் அவர் நேரில் நின்றால், பின்னால் “ஆள் வைத்து மாற்றிவிட்டார்கள்” என்ற பேச்சுக்கே இடமிருக்காது. முடிந்தால் சர்வே செலவை இருவரும் பகிர்ந்துகொள்ளுங்கள். பணம் கொடுத்தவருக்கு அந்தக் கோட்டின் மேல் ஒரு பாத்தியதை வந்துவிடும். அவர் கொடுக்க மறுத்தாலும் செலவை நீங்களே ஏற்றுக்கொண்டு செய்துவிடுவது, பின்னால் ஒரு சுவரை இடிக்கும் செலவைவிடக் குறைவுதான்.

மூன்றாம் படி: கையெழுத்திடும் உரிமை யாருக்கு உண்டு?

வீட்டில் குடியிருப்பவரும் நிலத்துக்குச் சொந்தக்காரரும் ஒருவராகவே இருப்பார் என்று எண்ணிவிடக் கூடாது. நில அலுவலகத்தில் சிறு கட்டணம் செலுத்தி அண்டை நிலத்தின் பதிவைத் தேடிப் பார்த்தால் பட்டாவில் யார் பெயர் இருக்கிறது என்பது தெரியும். வாடகைக்கு இருப்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவர் கையெழுத்தால் உரிமையாளர் கட்டுப்பட மாட்டார். ஆனாலும் வேலை நடக்கும் நாள்களில் தொந்தரவு அவருக்குத்தான் என்பதால் அவரிடமும் தெரிவித்துவிடுவது மரியாதை.

பட்டாவில் இருப்பவர் காலமாகிவிட்டு, பெயர் மாற்றம் செய்யப்படாமலே கிடக்கும் வீடுகள் நம் ஊர்களில் ஏராளம். பெரியவர் போய்ப் பதினைந்து ஆண்டு ஆகியிருக்கும். மூத்த மகன் சிங்கப்பூரில், மகள் கிள்ளானில், கடைசி மகன் மட்டும் வீட்டில். அந்தக் கடைசி மகன் தனியாகப் போடும் கையெழுத்து, அவருடைய உடன்பிறப்புகளின் சார்பில் ஆகாது. நிர்வாகி நியமிக்கப்பட்டிருந்தால் அவர் கையெழுத்திட வேண்டும். இல்லையென்றால் வாரிசுகள் அனைவரின் கையெழுத்தையும் வாங்குவது பாதுகாப்பு. 1955-ஆம் ஆண்டுச் சிறு சொத்துப் பகிர்வுச் சட்டத்தின்கீழ் நில அலுவலகம் வழியாகவே பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்பதை அவர்களுக்கு நினைவூட்டுவதும் ஒரு நல்ல காரியம்தான்.

தோட்டம் துண்டாடப்பட்ட இடங்களுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. ஒரே கிராண்டில் பத்துப் பன்னிரண்டு பெயர்கள் இருக்கும். ஒவ்வொருவருக்கும் ‘பன்னிரண்டில் ஒரு பங்கு’ என்று பதிவாகியிருக்கும். தரையில் மட்டும் அவரவர் தமக்குள் பேசி வைத்துக்கொண்ட கம்பியும் கயிறும் எல்லையாக நிற்கும். சட்டத்தின் பார்வையில் அங்கே எல்லையே கிடையாது. நிலம் முழுவதிலும் எல்லாருக்கும் பிரிக்கப்படாத பங்கு இருக்கிறது. அந்த நிலத்துக்குள் சுவர் கட்ட விரும்பினால் பக்கத்துக் குடும்பத்தின் சம்மதம் போதாது, பட்டாவில் உள்ள அனைவரின் சம்மதமும் வேண்டும். அதைவிட, அனைவரும் சேர்ந்து நிலத்தைப் பிரித்துத் தனிப் பட்டா எடுத்த பிறகு சுவரைப் பற்றி யோசிப்பதே முறை. சங்கடமான பதில்தான். ஆனால் பிரிவினை நடக்கும்போது சர்வேயர் போடும் கோடு, நீங்கள் போட்ட சுவரின் வழியாகத்தான் போகும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

பின்பக்க எல்லை செம்பனைத் தோட்டத்தை ஒட்டியிருந்தால், தோட்ட மேனேஜர் வாய்வார்த்தையாகத் தலையாட்டுவது கம்பெனியின் சம்மதம் ஆகாது. கம்பெனியின் கடிதத் தாளில், அதிகாரம் பெற்றவரின் கையெழுத்தோடு வாங்குங்கள். ஆற்று ஒதுக்கீடு, சாலை ஒதுக்கீடு, இரயில் பாதை ஒதுக்கீடு என்றால் அது வேறு வழி. நில அலுவலகத்திலும் கவுன்சிலிலும் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

நான்காம் படி: பேசுதல்

காண்டிராக்டரை அழைத்துக்கொண்டு போகாதீர்கள். அவரைப் பார்த்தவுடனே, எல்லாம் முடிவாகிவிட்டது, நம்மிடம் சும்மா சொல்ல வந்திருக்கிறார்கள் என்று அண்டை வீட்டார் முடிவு கட்டிவிடுவார். தீபாவளிக்கு முந்திய வாரத்திலும் ஊர்க்கோயில் திருவிழா நாள்களிலும் இந்தப் பேச்சை எடுக்க வேண்டாம். பெருநாள் காலத்தில் மலாய்க்கார வீட்டிலும் சீனப் பெருநாள் நாள்களில் சீனர் வீட்டிலும் அதேபோலத்தான். ஒரு மாலை நேரம், கையில் வரைபடத்தின் நகல், ஓர் அளவு நாடா: இவை போதும்.

நான் போனபோது, அக்கா திண்ணையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். குழாயின் தலை தென்பட்டதையும், செம்பருத்தி அவர் நிலத்தில் நிற்பதையும் முதலில் சொல்லிவிட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், “சரி தம்பி, நீ செவுரு கட்டு. ஆனா மழ பேஞ்சா என் வீட்டுத் தண்ணி எங்க போவும்? இப்ப அந்த வேலி சந்துலதானே போவுது?” என்று கேட்டார். சுவரின் உயரம், அழகு, வெளிச்சம் என்று நான் எண்ணி வைத்திருந்த மறுப்புகளில் ஒன்றுகூட அவர் மனத்தில் இல்லை. அவருக்கு முக்கியம், முற்றத்துத் தண்ணீர். பேராக்கில் மாலை மழை பிடித்தால் அரை மணி நேரத்தில் முற்றம் குளமாகிவிடும். கம்பி வேலி தண்ணீரை வழிய விடும், செங்கல் சுவர் தேக்கி நிறுத்தும். நல்லவேளையாக அக்கா வாயைத் திறந்தார். பலர் இதைச் சொல்லத் தெரியாமலே, “வேண்டாம்” என்று மட்டும் சொல்லிவிடுவார்கள்.

ஆகவே “சரியா?” என்று கேட்பதற்குப் பதிலாக, அவர் முற்றத்திலேயே நடந்து, மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைக் கேட்டறியுங்கள். தண்ணீர் அவர் பக்கத்திலிருந்து உங்கள் பக்கமாக இறங்குவதாக இருந்தால், சுவரை ஒட்டி அவர் பக்கத்திலோ உங்கள் பக்கத்திலோ ஒரு சிறு வடிகால் கட்டி முன்புற லொங்காங்கோடு இணைக்க வேண்டியிருக்கும். அதன் செலவு யாருடையது என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். சுவரின் தலைப்பூச்சு உங்கள் பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் சுவரின் மேல் விழும் மழை அத்தனையும் அவர் பக்கம் வடியும். உங்கள் பக்கத்தில் மண்ணை நிரப்பித் தரையை உயர்த்தும் எண்ணம் இருந்தால் அதை மறைக்காமல் சொல்லுங்கள்: அப்போது அது எல்லைச் சுவர் மட்டுமன்று, மண்ணைத் தாங்கும் சுவர், அதைப் பொறியாளர் கணக்குப் போட்டுத்தான் கட்ட வேண்டும். பக்கத்து நிலத்தின் இயற்கையான தாங்குதலைப் பெறும் உரிமையும் தேசிய நிலச் சட்டத்தின் 44-ஆவது பிரிவில் உண்டு என்பதால், நீங்கள் எல்லையை ஒட்டி ஆழமாகத் தோண்டி, அதனால் அவர் மண் சரிந்தால், அது உங்கள் பொறுப்பாகிவிடும்.

ஐந்தாம் படி: எழுதுதல்

பேசியதை அதே வாரத்தில் தாளில் கொண்டுவாருங்கள். கவுன்சிலுக்குக் கொடுக்க வேண்டியிருப்பதால் கடிதத்தை மலாய் மொழியில் எழுதுவது வசதி. ஆனால் கையெழுத்திடுபவருக்கு அந்த மொழி வாசிக்க வராது என்றால், தமிழிலும் ஒரு பிரதி எழுதி அவரிடமே கொடுங்கள். எழுத்தறியாத பெரியவர்கள் கைநாட்டு வைக்கும்போது, அது அவருக்குத் தமிழில் வாசித்துக் காட்டி விளக்கப்பட்டது என்று ஒரு வரியும், வாசித்துக் காட்டியவரின் பெயரும் கையெழுத்தும் கட்டாயம் இருக்க வேண்டும். வாசிப்பவர் உங்கள் உறவினராக இல்லாமல், அவர்கள் பக்கத்து ஆளாக இருப்பது நல்லது.

கடிதத்தின் உடற்பகுதி ஏறக்குறைய இப்படி இருக்கலாம்:

“(லாட் எண்) நிலத்தின் பதிவுபெற்ற உரிமையாளராகிய நான், அண்டை (லாட் எண்) நிலத்தின் உரிமையாளர், எங்கள் இருவர் நிலங்களுக்கும் இடையிலுள்ள எல்லையில் செங்கல் சுவர் கட்டுவதற்குச் சம்மதிக்கிறேன். எல்லை என்பது, (நாள்) அன்று உரிமம் பெற்ற நில அளவையாளர் எங்கள் இருவர் முன்னிலையில் காட்டிய இரண்டு எல்லை அடையாளங்களை இணைக்கும் நேர்க்கோடு. வரைபட நகல் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. சுவரின் வெளிமுகமும் அதன் அடித்தளமும் அந்தக் கோட்டைத் தாண்டி என் நிலத்துக்குள் வராது. சுவரின் உயரம் என் பக்கத் தரையிலிருந்து (அளவு) மீட்டரைத் தாண்டாது. என் முற்றத்து மழைநீர், சுவரை ஒட்டி அண்டை நில உரிமையாளர் தம் செலவில் கட்டித்தரும் வடிகால் வழியாக முன்புறக் கால்வாயில் சேரும். வேலைக்காக அவருடைய ஆள்கள் (நாள்) முதல் (நாள்) வரை, காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை என் நிலத்தில் இறங்கலாம்; வேலை முடிந்ததும் என் நிலத்தில் கிடக்கும் சிமெந்தும் கல்லும் அகற்றப்பட்டு, பாதிக்கப்பட்ட இடங்கள் பழையபடி சரிசெய்து தரப்படும். சுவர் முழுவதும் அவருக்கே சொந்தம்; பராமரிப்பும் அவருடையதே.”

உயரத்தைப் பற்றிய வரியில் ‘என் பக்கத் தரையிலிருந்து’ என்ற சொற்களைக் கவனியுங்கள். இரண்டு நிலங்களின் மட்டமும் ஒன்றாக இல்லாத இடங்களில், உங்கள் பக்கம் ஐந்தடியாகத் தெரியும் சுவர், பள்ளத்தில் இருக்கும் அவர் பக்கம் எட்டடியாக நிற்கும். எந்தத் தரையிலிருந்து அளப்பது என்று எழுதாத கடிதம் உயரத்தைப் பற்றி எதுவும் சொல்லாத கடிதமே.

பொதுச் சுவராக இருந்தால், கோட்டைத் தாண்டி வராது என்ற வரியையும் சொந்தம், பராமரிப்பு பற்றிய கடைசி வரியையும் மாற்றி, செலவுப் பங்கையும், பிற்காலத்தில் விரிசல் விட்டால் யார் எவ்வளவு ஏற்பது என்பதையும், ஒருவர் மற்றவரைக் கேட்காமல் சுவரில் ஆணி, கொட்டகைத் தூண், கண்ணாடித் துண்டு எதுவும் பதிக்கக் கூடாது என்பதையும் எழுதுங்கள். இரு தரப்பும் அடையாள அட்டை எண்ணோடு கையெழுத்திட்டு, இரண்டு சாட்சிகளின் கையெழுத்தையும் வாங்கிய பிறகு, உள்நாட்டு வருமான வரி வாரியத்தில் முத்திரையிடுங்கள். இத்தகைய ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தீர்வை 10 வெள்ளிதான், அதாவது 10 ரிங்கிட். கையெழுத்திட்ட 30 நாள்களுக்குள் செய்துவிட வேண்டும். முத்திரையிடாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்பதில்லை. பத்து வெள்ளியை மிச்சப்படுத்தப் போய், தேவைப்படும் நாளில் தாள் பயன்படாமல் போனவர்கள் உண்டு.

ஆறாம் படி: கவுன்சிலின் அனுமதி

அண்டை வீட்டாரின் சம்மதம், உள்ளூராட்சியின் அனுமதிக்கு மாற்று ஆகாது. 1974-ஆம் ஆண்டுச் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின்கீழ் கட்டுமான வேலைக்கு முன்னதாக அனுமதி பெற வேண்டும். சுங்கை சிப்புட் பகுதிக்கு அது குவாலா கங்சார் நகராண்மைக் கழகத்தின் பொறுப்பு. எல்லைச் சுவர் போன்றவற்றுக்குச் சிறு கட்டுமான வேலை அனுமதியே போதுமா, வரைபடம் யார் கையெழுத்தோடு வேண்டும், முன்பணம் எவ்வளவு என்பதெல்லாம் கவுன்சிலுக்குக் கவுன்சில் வேறுபடுவதால் முகப்பில் நேராகக் கேட்டுக்கொள்வதே சரி. பட்டா நகல், நிலவரி, மதிப்பீட்டு வரி ரசீதுகள், அடையாள அட்டை நகல், அளவோடு வரைந்த படம், இடத்தின் புகைப்படங்கள், அண்டை வீட்டாரின் கடிதம் ஆகியவற்றைக் கையோடு கொண்டு போனால் இரண்டாம் முறை அலைய வேண்டியதில்லை. மதிப்பீட்டு வரி பாக்கி இருந்தால் முதலில் அதைக் கட்டிவிடுங்கள்.

உயரத்துக்குச் சட்டமே ஓர் எல்லை வைத்திருக்கிறது. 1984-ஆம் ஆண்டுச் சீரான கட்டட உபவிதிகளின்படி, வேறு அனுமதி பெறாவிட்டால், வீடுகளுக்கு இடையிலும் பின்சந்தை ஒட்டியும் எழுப்பும் கெட்டியான சுவர் 1.8 மீட்டரைத் தாண்டக் கூடாது. தெருவை ஒட்டிய முன்பக்கச் சுவர் 1.35 மீட்டரைத் தாண்டக் கூடாது. அண்டை வீட்டார் எட்டடிக்குச் சம்மதித்தாலும் இந்த அளவு மாறாது. ஆகவே கடிதத்தில் உயரம் எழுதும் முன்பே இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மறுத்துவிட்டால்

மறுப்புக்குக் காரணம் தண்ணீரா, வெளிச்சமா, பழைய மனத்தாங்கலா என்பதைப் பிரித்தறியுங்கள். முதல் இரண்டுக்கும் வடிகாலிலோ, சுவரின் மேற்பகுதியில் துளைக்கல் வைப்பதிலோ தீர்வு இருக்கும். மூன்றாவதற்கு, இரு வீட்டாரும் மதிக்கும் ஒருவரை, கோயில் நிர்வாகத்தில் இருப்பவரையோ குடியிருப்பாளர் சங்கத் தலைவரையோ நடுவில் வைத்துப் பேசிப் பார்க்கலாம். அதுவும் ஆகவில்லை என்றால், சுவரை ஃபூட்டிங்கோடு முழுவதும் உங்கள் நிலத்துக்குள் தள்ளி, அவர் பக்கம் இறங்காமலே உள்ளிருந்து கட்டும்படி வரைபடத்தை மாற்றிக்கொண்டு, கவுன்சிலிடம் நிலைமையை எழுத்தில் விளக்கி அனுமதி கேளுங்கள். வெளிமுகம் பூசப்படாமல் கல் தெரிய நிற்கும். அது அவருக்குத்தான் அசிங்கம் என்று சிலர் சொல்லிக் காட்டுவார்கள், நீங்கள் அதைச் சொல்லாதீர்கள். எல்லைக்கோடே தகராறில் இருந்தால் வழக்கறிஞரிடம் போங்கள். வசதி குறைந்தவர்கள் அரசாங்கத்தின் சட்ட உதவித் துறையை அணுகலாம். எதைச் செய்தாலும், அவர் வெளியூர் போயிருக்கும் வாரமாகப் பார்த்து இரவோடு இரவாகக் கட்டி முடிக்கும் யோசனை மட்டும் வேண்டாம்.

கடைசிப் படி: வேலை நடக்கும்போதும் முடிந்த பிறகும்

தோண்டுவதற்கு முந்திய நாள், அண்டை வீட்டாரோடு சேர்ந்து அவர் பக்கத்துச் சுவர்களையும் சிமெந்துத் தரையையும் தேதி தெரியும்படி புகைப்படம் எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே இருந்த விரிசல் எது, புதிதாக வந்தது எது என்ற வழக்கு அதோடு தீரும். இரண்டு எல்லை அடையாளங்களுக்கு நடுவே நூல் கட்டுவதை நீங்களே நின்று பாருங்கள். எங்கள் வேலைக்கு வந்த காண்டிராக்டர், நூல் ஓரிடத்தில் வேரில் தட்டி வளைந்ததைப் பார்த்துவிட்டு, “நாலு அங்குலம்தானே சார், பூசினா தெரியாது” என்றார். அந்த நாலு அங்குலம் அக்காவின் பக்கம் போயிருந்தது. வேரை வெட்டி, நூலை மறுபடி நேராகக் கட்டச் சொன்னதில் அரைநாள் போயிற்று. அவருக்கு என் மேல் சற்று வருத்தம்தான்.

ஃபூட்டிங் குழி தோண்டியதும், கான்கிரீட் ஊற்றும் முன்பு, அண்டை வீட்டாரை அழைத்துக் காட்டுங்கள். மண்ணுக்கடியில் போகப் போவதை அவர் கண்ணால் பார்ப்பதற்கு அதுதான் ஒரே வாய்ப்பு. வேலை முடிந்ததும் முதல் பெருமழையன்று அவர் முற்றத்துக்குப் போய்த் தண்ணீர் எப்படி இறங்குகிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள். கடிதம், சர்வே வரைபடம், கவுன்சில் அனுமதி, புகைப்படங்கள் ஆகியவற்றின் ஒரு கட்டை உங்கள் கிராண்டோடும், மற்றொரு கட்டை அவரிடமும் வையுங்கள். பின்னொரு நாள் யாராவது வீட்டை விற்றால், வாங்குபவர் கையில் அது போய்ச் சேரட்டும்.

எல்லைக்கல் சுவருக்கடியிலோ சிமெந்துத் தரைக்கடியிலோ புதைந்துபோகக் கூடாது. கல் இருக்கும் இடத்தில் ஓர் அடிக்கு ஓர் அடி குழி விட்டு, மேலே தூக்கி எடுக்கக்கூடிய கான்கிரீட் மூடி போடச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அந்த மூடியின் மேல் சிவப்புப் பெயிண்ட்டால் ஒரு புள்ளி வைத்திருக்கிறோம். அக்காவின் பேரப்பிள்ளைகள் அதன் மேல் நின்று ஒற்றைக் காலில் குதித்து விளையாடுவதால், மாதம் ஒருமுறை மறுபடி பூச வேண்டியிருக்கிறது.